அடிப்பாதம் கடைசியில்தான் மரத்துப்போகும்

1. பிடிக்கிற ஆள்

நான் ஐந்தாவது வரை படித்தவன். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மனைவி, இரண்டு பிள்ளைகள். மழைக்காலத்தில் கப்பல் வராது. வேலை இருக்காது. என் மனைவியின் தம்பி ஏழுமலை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனாக இருந்தான். அவன்தான் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். அறுபதுகளின் தொடக்கம் அது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். இப்போது அந்தக் கட்டடமே இல்லை.

அங்கே ஆபரேஷன் செய்பவர் ஒருவர்தான். ஆஸ்பத்திரியும் அவருடையதுதான். பெரிய டாக்டர் என்போம். அவர் என் படிப்பைக் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை.

"கையக் காட்டு," என்றார்.

காட்டினேன்.

"மூட்டை தூக்குனவனா?"

"ஆமாம் சார்."

"ரத்தம் பாத்தா மயக்கம் வருமா?"

"தெரியாது சார்."

"நாளைக்குத் தெரிஞ்சிடும். வா."

மறுநாள் பார்த்தேன். மயக்கம் வரவில்லை. வேலை கிடைத்தது.

ஆபரேஷன் தியேட்டர் அட்டெண்டர் என்று பெயர். உண்மையில் செய்த வேலை பிடிப்பது. பெரிய ஆபரேஷன் என்றால் ஈதர் என்கிற மயக்க மருந்து கொடுப்பார்கள், இல்லாவிட்டால் முதுகில் ஊசி. கால் விரல், குதிகால், ஆணி, சீழ் கட்டி மாதிரி வேலைக்கு அந்த இடத்தைச் சுற்றியே மரத்துப்போகிற ஊசி போடுவார்கள். சீழ் இருக்கும் இடத்தில் அந்த மருந்து சரியாக வேலை செய்யாது. இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். கால் துள்ளும். துள்ளாமல் பிடிக்க வேண்டும்.

முட்டிக்கு மேலே ஒரு கை. கணுக்காலுக்கு மேலே ஒரு கை. கையால் அழுத்தக் கூடாது. உடம்பின் பாரத்தைக் கை வழியே இறக்க வேண்டும். மூட்டை தூக்கியவனுக்கு அது சுலபம். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பு ஆட்களைப் பிடித்திருக்கிறேன். தேவனாம்பட்டினத்து மீனவர்களைப் பிடித்திருக்கிறேன். கத்துவார்கள். பெரிய டாக்டர் வேகமான கைக்காரர். அவர்கள் கத்தி முடிப்பதற்குள் கட்டுப் போட்டிருப்பார். நானும் அது நல்லதுதான் என்று நினைத்தேன். சீக்கிரம் முடிகிறதே.

2. டாக்டரம்மா கொண்டுவந்த பழக்கம்

மூன்று நான்கு வருஷம் கழித்து மயக்க மருந்துக்கென்று ஒரு டாக்டரம்மா வந்தார். சிதம்பரத்துக்காரர். மெட்ராஸில் படித்தவர். முதல் நாள் தியேட்டரில் என்னைப் பார்த்து, "நீங்க என்ன வேலை?" என்றார்.

"பிடிக்கிற வேலைங்க."

"எதைப் பிடிக்கிறது?"

"ஆளைங்க."

என் கையைப் பார்த்தார். பிறகு, "இனிமே அவ்வளவா இருக்காது," என்றார்.

அவர் செய்தது கணுக்கால் பிளாக். தியேட்டர் வேலைக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதத்துக்கு ஐந்து நரம்பு இறங்குகிறது. புண் இருக்கிற விரலைத் தொடாமல், மேலே கணுக்கால் மட்டத்திலேயே ஐந்துக்கும் மருந்து போட்டுவிட்டால் பாதம் முழுக்க மரத்துப்போகும். ஆள் விழித்துக்கொண்டிருப்பார். நெஞ்சுக்கோளாறு இருப்பவர், வயதானவர், சாப்பிட்டுவிட்டு வந்தவர், இவர்களுக்கெல்லாம் ஈதரைவிட இது மேல். நாலு நரம்பு சுலபமாகக் கிடைக்கும். ஐந்தாவது உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால், நாடி துடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தடித்த நரம்பு. அடிப்பாதம் அதன் பொறுப்பு. மருந்து அதில் ஊறி இறங்க நேரமாகும். மேல்பாதம் மரத்த பிறகும் அடிப்பாதம் உயிரோடு இருக்கும்.

ஆகவே காத்திருக்க வேண்டும். பெரிய டாக்டருக்குக் காத்திருப்பது ஆகாது.

"ஏம்மா, நீ ஊசி போட்டு ஊற வெக்கிற நேரத்துல நான் ஒரு ஹெர்னியா முடிச்சிருப்பேன்," என்பார்.

"முடிச்சிட்டு வாங்க சார். கால் எங்கயும் போயிடாது," என்பார் டாக்டரம்மா.

ஒருநாள் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு பாய் வந்தார். மலாயாவில் கடை வைத்திருந்தவர். பெருவிரல் நகம் உள்ளே வளர்ந்து சீழ் பிடித்திருந்தது. டாக்டரம்மா பிளாக் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போயிருந்தார். பெரிய டாக்டர் உள்ளே வந்தார். பாயின் பாதத்தில் ஊசியால் குத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க டாக்டர். அல்ஹம்துலில்லாஹ்."

"இங்க?"

"இல்லீங்க."

ஆரம்பித்துவிட்டார். பாய் வாயே திறக்கவில்லை. ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் அவரைப் பிடிக்க வேண்டியவன். அவர் என்னைப் பிடித்த பிடியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நகத்தை எடுத்துக் கட்டுப் போட்டு முடிந்தது. பெரிய டாக்டர் போய்விட்டார். பாயின் நெற்றி முழுக்க வியர்வை. என் கையைப் பார்த்தார். அவருடைய நகம் நாலும் பதிந்திருந்தது.

"தம்பி, உங்களுக்கு ஜாஸ்தி வலிக்கிதா?" என்றார்.

டாக்டரம்மா திரும்பி வந்தார். அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ஏன் பாய், வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்டிம்மா சொல்றது? அவ்வளவு பெரிய மனுசரு. ஊசி போட்டுட்டு வலிக்குதான்னு கேக்குறாரு. ஆமான்னா உங்க வைத்தியம் சரியில்லன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடாதா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவர் சொன்னது அவருக்கு மட்டும் உள்ளதல்ல. எங்கள் பக்கத்து ஜனங்கள் எல்லோருமே அப்படித்தான். விருந்துக்குப் போன இடத்தில் குழம்பில் உப்பில்லை என்று சொல்ல மாட்டார்கள். டாக்டரிடம் வலிக்கிறது என்றும் சொல்ல மாட்டார்கள். மேசையில் படுத்தபடியே உபசாரம் செய்வார்கள்.

அன்று முதல் டாக்டரம்மா கேள்வியை மாற்றினார். வலிக்குதா என்று கேட்கக் கூடாது. குறுக்கே ஒரு துணியைக் கட்டிப் பாதத்தை மறைத்துவிடுவார். பின்னால் நின்று ஊசி நுனியால் ஒரு விரலைத் தொடுவார். "இப்ப எந்த விரலத் தொடுறேன்?" என்பார். சரியாகச் சொன்னால் இன்னும் மரத்துப்போகவில்லை. "தொட்டுட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டால் ஆரம்பிக்கலாம். இதில் மரியாதைக்கு வேலை இல்லை. அதிலும் ஸ்ரீமுஷ்ணத்துப் பெரியவர் ஒருவர், "நீங்க எந்த விரல்னு நெனைக்கிறீங்களோ அதேதாங்க," என்றார்.

பெரிய டாக்டருக்கு இந்தத் துணி பிடிக்கவில்லை. "கண்ணாமூச்சி ஆடுறீங்களா?" என்பார். அவர் வழக்கம் போல வலிக்குதா என்றே கேட்டார். ஜனங்களும் இல்லை என்றே சொன்னார்கள். தன் மேசையில் யாருக்கும் வலிப்பதில்லை என்று அவர் நம்பிவிட்டார். அவரை நம்பவைத்தது நாங்கள்தான்.

3. அஞ்சலையம்மா

அஞ்சலையம்மா தேவனாம்பட்டினம். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுக்குத் தலையில் கூடையோடு நடந்து போய் மீன் விற்பவர். கரையில் வலையை உதறும்போது திருக்கை வால் முள் காலில் ஏறிவிட்டது. சுண்ணாம்பு தடவினார்கள், புகை காட்டினார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது சுண்டு விரலும் அடுத்த விரலும் கறுத்துவிட்டன. வீக்கம் பாதத்தின் பாதி வரை ஏறியிருந்தது.

"ரெண்டு விரலை இன்னிக்கே எடுக்கணும். விட்டா பாதம் போயிடும். அப்புறம் கால்," என்றார் பெரிய டாக்டர்.

"பாதம் இருந்தா நடப்பேனா?"

"நடப்ப."

"கூடையோட?"

"கூடையோடதான்."

"அப்ப ரெண்டையும் எடுத்துக்க. கால வுட்டுடு."

நெஞ்சில் சளி கட்டி இருமிக்கொண்டிருந்தார். ஈதர் கொடுக்க முடியாது. காய்ச்சல் அடித்தது. முதுகில் ஊசி போடவும் டாக்டரம்மாவுக்கு மனம் வரவில்லை. கணுக்கால் பிளாக் என்று முடிவானது. ஐந்து இடத்திலும் போட்டார். நான் காலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அன்று பெரிய டாக்டருக்கு வெளியே எங்கோ போக வேண்டியிருந்தது. கையுறை போட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஆச்சா?"

"இன்னும் இல்ல சார். உள்பக்கம் மருந்து பிடிக்கல. கொஞ்சம் பொறுங்க."

அவர் குறுக்கே கட்டியிருந்த துணியைத் தள்ளிவிட்டார். பாதத்தின் மேல்பக்கம் ஊசியால் குத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல ஐயா," என்றார் அஞ்சலையம்மா.

"கேட்டியா? இல்லன்றா. பிடிடா."

பிடித்தேன். மேல்பக்கம் கத்தி வைத்தார். அஞ்சலையம்மா மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி விரலைச் சுற்றி அடிப்பக்கம் வந்தது.

"ஐயோ! நிறுத்து! ஐயா, நிறுத்து!"

கால் என் கைக்குள் துள்ளியது.

"இப்பதான வலிக்கலன்னு சொன்ன?" என்றார் பெரிய டாக்டர்.

"மேல வலிக்கல. கீழ வலிக்குது. ரெண்டும் என் காலுதான? எனக்குத் தெரியாதா?"

"ஒண்ணும் இல்ல, பயம். கண்ண மூடிக்க."

"பயமா? எனக்கா? வலிய்யா. பயம் வேற, வலி வேற."

"உனக்கு முன்னாடி எத்தன பேரு இந்த டேபிள்ல படுத்தாங்க தெரியுமா? ஒருத்தரு வாயத் தொறந்ததில்ல."

"அவுங்களுக்கு வாயில்ல. எனக்கு இருக்குது."

"சார், அந்த அஞ்சாவது நரம்பு, டிபியல், அதுல மருந்து இன்னும் பிடிக்கல. அவுங்க சொல்றது சரி," என்றார் டாக்டரம்மா.

"நீ சும்மா இரும்மா. ஒரு நிமிஷ வேலை. டேய், அழுத்திப் பிடி."

எத்தனையோ பேரை அப்படி அழுத்திப் பிடித்திருக்கிறேன். அதில் ஒருவர்கூட நிறுத்து என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. அஞ்சலையம்மா பெரிய டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பிடித்திருப்பது நான்தானே.

"அண்ணே, உனக்கு நான் சொல்றது கேக்குதா?" என்றார்.

நான் இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பெரிய டாக்டர் நிமிர்ந்தார். "என்னடா?"

"வலிக்குதாம் சார்."

"நீ டாக்டரா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

"பிடிக்க மாட்டேன் சார்."

அஞ்சலையம்மா காலை மடக்கிக்கொண்டார். ரத்தம் சொட்டியது. டாக்டரம்மா துணியை வைத்து அழுத்திக்கொண்டார்.

"வாட்ச்மேனக் கூப்பிடு! ஏழுமல!"

ஏழுமலை வாசலில் வந்து நின்றான். என்னைப் பார்த்தான். என் கை பின்னால் இருப்பதைப் பார்த்தான்.

"உள்ள வந்து இந்தக் காலப் பிடி."

"ரோட்டுச் செருப்போட நிக்கிறேன் சார். தியேட்டர் உள்ள வரக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க," என்றான்.

"கழட்டிட்டு வாடா."

"கால் கழுவணும் சார். கழுவிட்டு வரேன்."

போனான். வரவில்லை.

பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றி ட்ரேயில் வீசினார். தன் அறைக்குப் போய்விட்டார். டாக்டரம்மா அஞ்சலையம்மாவின் காலைத் தன் பக்கம் திருப்பினார். உள் கணுக்காலில் விரல் வைத்து நாடியைத் தேடினார். பக்கத்தில் இன்னும் கொஞ்சம் மருந்து இறக்கினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுபடி காயத்தின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"அந்த ஐயா திரும்பி வருவாரா?" என்றார் அஞ்சலையம்மா. அப்போதுதான் அவர் குரல் நடுங்கியது. "விரல் அறுந்தும் அறுவாம நிக்குது. நான் பாட்டுக்குக் கத்திட்டேன். வராம போயிட்டா கால் போயிடுமே."

"வருவார்," என்றார் டாக்டரம்மா. அவருக்கும் நிச்சயமில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

நேரம் போனது. அஞ்சலையம்மா தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடாவுது... இப்ப யாரு காலோ மாதிரி இருக்குது."

கதவு திறந்தது. பெரிய டாக்டர் மறுபடி கை கழுவிக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவிடம், "கேளு," என்றார்.

டாக்டரம்மா மறைப்புத் துணியைக் குறுக்கே இழுத்தார். இடுக்கி நுனியால் அடிப்பாதத்தை அழுத்தினார். நான் பார்த்தேன், நன்றாகவே அழுத்தினார்.

"எந்த இடத்துல தொடுறேன்?"

"எங்க தொட்ட? சீக்கிரம் தொடும்மா, ஐயா மறுபடியும் கோவிச்சுக்கினு போயிடப் போறாரு."

பெரிய டாக்டர் கத்தியை எடுத்தார். நான் கிட்டே போனேன். "நீ வேணாம்," என்றார். யாரும் பிடிக்கவில்லை. கால் அசையவில்லை. சுத்தமான வேலை. அவரைப் போலச் செய்ய அந்த ஊரில் ஆள் இல்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

தையல் போடும்போது அஞ்சலையம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. "உங்க வூட்டம்மா எங்கிட்டதான் மீன் வாங்குவாங்க ஐயா. கெளுத்திய சுறா வெலைக்குக் குடுத்தியேன்னு ரெண்டு வாரமா சண்ட. அதுக்குத்தான் பழி தீக்குறியோன்னு நெனச்சிட்டேன்."

பெரிய டாக்டர் சிரித்தாரா தெரியாது. மாஸ்க் போட்டிருந்தார்.

4. ஒரு வார்த்தை

சாயங்காலம் பெரிய டாக்டர் கூப்பிட்டார். "நாளைக்கு வராத," என்றார். சரி என்றேன். மறுநாள் துறைமுகத்துக்குப் போனேன். தோள் பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் மூட்டையில் தடுமாறினேன். பழைய ஆட்கள், "இன்னாடா, டாக்டர் ஆயிட்டேன்னு பாத்தா மறுபடியும் இங்கயா?" என்று கேலி செய்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஏழுமலை வீட்டுக்கு வந்தான்.

"மாமா, பெரியவரு சொல்லி அனுப்பினாரு. ஸ்டாஃப் எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டா போதுமாம். பழைய வேல. எதுவும் மனசுல வெச்சுக்க மாட்டாராம்."

"உன்ன ஒண்ணும் சொல்லலியா?"

"நான் கால் கழுவப் போனவன். எனக்கு இன்னா தெரியும்?"

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "ஒரு வார்த்ததான? கேட்டா நாக்கு தேஞ்சிடுமா? மழ வந்துடுச்சி. கப்பல் வராது. புள்ளைங்களுக்கு இன்னா வெக்கிறது?"

அவள் கேட்டது நியாயம். சாப்பிட்டு முடித்தேன். கை கழுவினேன். பிறகு சொன்னேன்.

"மன்னிப்புக் கேட்டுட்டுப் போனா, அடுத்த ஆளு நிறுத்துன்னு சொல்றப்ப பிடிக்கணும். பிடிக்க மாட்டேன்னா இப்ப எதுக்கு மன்னிப்பு?"

அவள் என் தட்டை எடுத்தாள்.

"மாமா சொல்றத அப்டியே போய்ச் சொல்லாத," என்றாள் தம்பியிடம். "ஒடம்பு சரியில்லன்னு சொல்லு."

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது," என்றேன். "கேக்க மாட்டேன்னே சொல்லு."

அந்த மழைக்காலம் கஷ்டமாகத்தான் போனது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம்தான்.

தை பிறந்த பிறகு டாக்டரம்மாவிடமிருந்து ஆள் வந்தது. அவரும் அந்த ஆஸ்பத்திரியை விட்டுவிட்டார். சிதம்பரத்தில் தேர் ஓடும் வீதி ஒன்றில், சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் சின்னதாகத் தியேட்டர் போட்டிருந்தார். திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிப் போனேன்.

"இங்க உங்களுக்குக் கால் பக்கம் வேலை இல்ல. தலைப் பக்கம் நில்லுங்க. அவுங்க மூஞ்சியப் பாருங்க. வாயி வலி இல்லன்னு சொல்லும். புருவம் ஆமான்னு சொல்லும். எங்கிட்ட மறைப்பாங்க, உங்ககிட்ட மறைக்க மாட்டாங்க," என்றார்.

அதுதான் பிறகு கடைசி வரை என் வேலை. ரைஸ்மில் ஆட்கள், வண்டிக்காரர்கள், கோயில் வேலை செய்கிறவர்கள், பரங்கிப்பேட்டைப் பாய்மார்கள், எல்லோருடைய தலைமாட்டிலும் நின்றிருக்கிறேன். வெளியூரிலிருந்து ஆபரேஷனுக்கு வரும் டாக்டர்கள் அவசரப்படுவார்கள். "இன்னும் இல்ல சார்," என்பேன். "யார் இந்த ஆளு?" என்று கேட்பார்கள். "அவரு சொன்னா ஆரம்பிக்கலாம்," என்பார் டாக்டரம்மா. சிலர் கோபித்துக்கொண்டார்கள். சிலர் அடுத்த தடவை வரவில்லை. கோபித்தவர்களுக்காக ஒருநாளும் சீக்கிரம் சொன்னதில்லை.

தியேட்டர் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மருந்து நல்ல மருந்தாக இருக்கும். போட்டவர் கெட்டிக்காரராக இருப்பார். அப்படியும் ஒருவருக்கு வேலை செய்யாமல் போகும், இல்லை நேரமாகும். அது மேசையில் படுத்திருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் வலிக்கிறது என்றால் நடிப்பா பயமா என்று விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. கையை எடுத்துவிடுங்கள். உங்கள் கை இல்லாமல் அந்தக் கத்தி நகராது. வேலை போகும். எனக்குப் போனது.

அஞ்சலையம்மாவைப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். மார்க்கெட் வாசலில், தலையில் கூடையோடு. கொஞ்சம் சாய்ந்து நடந்தார். ஆனால் வேகமாகத்தான் நடந்தார். நின்று பேச நேரமில்லை.

"அண்ணே, மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்களாமே?" என்று போகிற போக்கில் கேட்டார்.

"ஆமாம்."

"கேட்டியா?"

"இல்ல."

"கேக்காத," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய டாக்டர் காலமாகிப் பல வருஷமாகிறது. கடலூரில் அவர் வைத்தியம் பார்த்த கால்கள் நிறைய நடந்தன. அந்த நன்றி எனக்கும் உண்டு. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.